முதல் பெருந்தொடராக எதை எடுப்பது? ஃபவுண்டேஷன், டியூன், த்ரீ பாடி, எர்த்சீ, டோல்கீன்: ஓர் ஒப்பீடு

டியூன் படம் பார்த்த சூட்டோடு புத்தகத்தை வாங்கி, நாற்பது ஐம்பது பக்கத்தில் மூடி அலமாரியில் செருகிவிட்டவர்கள் எனக்குத் தெரிந்தே நிறையப் பேர். டோல்கீனை மூன்று பாகமும் சேர்த்து வாங்கி, அதில் வரும் குட்டி மனிதர்களான ஹாபிட்கள் ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் களைத்துப் போனவர்களும் இருக்கிறார்கள். இவர்கள் யாரும் பெரிய புத்தகத்தைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் இல்லை. பொன்னியின் செல்வன் ஐந்து பாகத்தையும் சாப்பாடு தூக்கம் மறந்து முடித்தவர்கள், சுஜாதாவின் ஜீனோவை இன்னும் மறக்காதவர்கள். "அறிவியல் புனைகதையிலோ ஃபேண்டஸியிலோ பெரிய தொடர் ஒன்றே ஒன்று படிக்கணும், எதை எடுக்கலாம்?" என்று இவர்கள் கேட்டால் வழக்கமாகக் கிடைக்கிற பதில், பதில் சொல்பவருக்கு எது பிடிக்குமோ அது. டியூன் ரசிகர் டியூன் என்பார், டோல்கீன் ரசிகர் அடிக்கவே வந்துவிடுவார்.

எனக்கும் பிடித்தது பிடிக்காதது உண்டு, கீழே மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் தொடரைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எங்கே நிறுத்தினால் நட்டமில்லை என்பதுதான். எங்கே தொடங்குவது என்று எல்லாரும் சொல்வார்கள், எங்கே நிறுத்துவது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

## எதை வைத்து எடைபோடுவது

நிறுத்துமிடம். என் கணக்கில் பாதி மதிப்பெண் இதற்குத்தான். நம்மில் பலர் தொடரை முடிக்கப் போவதில்லை, அது பாவமும் இல்லை. ஆனால் முதல் புத்தகத்தோடு விட்டால் கையில் ஒரு முழுக்கதை மிஞ்சுமா, இல்லை இடைவேளையிலேயே தியேட்டரை விட்டு வெளியே வந்த மாதிரி இருக்குமா என்பது தொடருக்குத் தொடர் மாறும்.

சூடு பிடிக்க எத்தனை பக்கம். நூறு பக்கம் பொறுத்துக்கொள்ளச் சொல்லும் புத்தகம் மோசமான புத்தகம் என்று அர்த்தமில்லை. ஆனால் அந்த நூறு பக்கம் எப்படிப்பட்டது என்று முன்கூட்டியே தெரிந்தால் பாதியில் விடமாட்டோம்.

ஆங்கிலம். ஆங்கிலத்தில்தான் படிக்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன். நாளிதழ் ஆங்கிலம் சரளமாக வருபவருக்குக்கூட இந்த ஐந்தில் ஒன்றிரண்டு தண்ணி காட்டும்.

மறைமுகச் செலவு. விலைப்பட்டியலில் இல்லாதவை: பின்னிணைப்பைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பது, பெயர்களை நினைவில் வைப்பது, பின்னால் வந்த சுமாரான பாகங்கள், வேறு யாரோ எழுதிய தொடர்ச்சிகள், திரையில் ஏற்கெனவே பார்த்துக் கெடுத்துக்கொண்டது.

அப்புறம் ஒன்று, இது அளவுகோல் இல்லை, ருசி. உங்களுக்குக் கதையில் வேண்டியது மனிதர்களா, யோசனைகளா? இரண்டும் வேண்டும் என்று சொல்லத்தான் தோன்றும். ஆனால் ஒரு நாவலை மூடி வைத்து ஒரு மாதம் கழித்து உங்கள் மனதில் நிற்பது யாரோ ஒருவரின் முகமா, இல்லை "அடேங்கப்பா, இப்படி யோசித்திருக்கிறானே" என்ற வியப்பா என்று நினைத்துப் பார்த்தால் பதில் கிடைத்துவிடும்.

## ஃபவுண்டேஷன்: எளிதான வாசல்

வரலாற்றாசிரியர் கிப்பன் எழுதிய ரோமப் பேரரசின் வீழ்ச்சியை அப்படியே பால்வெளி மண்டலத்துக்குத் தூக்கிக்கொண்டு போனால் என்ன என்பது ஐசக் அசிமோவுக்கு 21 வயதில் வந்த யோசனை. 1942இலிருந்து அஸ்டவுண்டிங் இதழில் தனித்தனிக் கதைகளாக வந்து, 1951, 52, 53 என்று வருடத்துக்கு ஒன்றாக மூன்று புத்தகங்கள் ஆயிற்று. ஹாரி செல்டன் என்ற கணித மேதை, கோடிக்கணக்கான மக்கள் கூட்டத்தின் போக்கைச் சமன்பாட்டில் அடக்கும் சைக்கோஹிஸ்டரி என்ற துறையை உருவாக்குகிறார். பேரரசு விழத்தான் போகிறது, அதன்பின் 30,000 வருடம் இருட்டு, ஆனால் அதை 1,000 வருடமாகக் குறைக்க வழியிருக்கிறது என்கிறார். இதைப் படித்த ஆசையில்தான் பொருளாதாரம் படிக்கப் போனேன் என்று பால் க்ரூக்மன் சொல்லியிருக்கிறார். 2008இல் அவருக்கு நோபல் பரிசே கிடைத்தது.

மொழி மிக எளிது. அறைக்குள் இரண்டு பேர் உட்கார்ந்து பேசுவார்கள், ஒருவர் மற்றவரை வாதத்தில் மடக்குவார், அத்தியாயம் முடிந்துவிடும். போர் என்றால் அது இரண்டு அத்தியாயத்துக்கு நடுவில் எங்கேயோ நடந்திருக்கும். இது சிலருக்குச் சப்பென்று இருக்கும், எனக்கு இதுதான் பிடிக்கும். செல்டனின் ஆட்கள் குடியேறிய டெர்மினஸ் என்ற ஏழைக் கிரகம் தன்னைவிடப் படைபலம் மிகுந்த அண்டை அரசுகளுக்கு அணுசக்தியை மதமாக மாற்றிக் கொடுக்கிறது, பூசாரிகளுக்குப் பொத்தான்களை அமுக்க மட்டும் தெரியும், ஏன் வேலை செய்கிறது என்று தெரியாது. போர் மூளும் நாளில் அந்தப் பூசாரிகளை வைத்தே எதிரியின் கப்பலை நிறுத்துகிறார்கள். ஒரு துப்பாக்கிச் சண்டையும் தராத திருப்தி அதில் எனக்குக் கிடைத்தது.

குறை சொல்லாமல் விட முடியாது. பாத்திரங்கள் எல்லாம் சுருட்டுப் பிடிக்கும் ஆண்கள். முதல் புத்தகத்தில் கொரெல் ஆட்சியாளரின் மனைவி வந்து கணவரை இடித்துரைத்துவிட்டுப் போவதைத் தவிரப் பெண் என்று சொல்லிக்கொள்ள ஆளே கிடையாது. இரண்டாம் புத்தகத்தில் பேய்டா வந்தபிறகுதான் மூச்சு வருகிறது.

நிறுத்துமிடம் இதற்குத் தாராளம். முதல் புத்தகம் ஐந்து பகுதி, எதோடு நிறுத்தினாலும் ஒரு கதை முடிந்திருக்கும். ஆனால் இரண்டாம் புத்தகத்தின் பின்பாதியில் வரும் மியூல் கதை வரைக்கும் போய்விடுங்கள். செல்டனின் சமன்பாடு ஒரு தனி மனிதனால் தடம்புரளும் இடம் அது, தொடரின் உச்சமும் அதுதான். மூன்றாம் புத்தகத்தோடு கும்பிடு போட்டுவிடலாம். 30 வருடம் கழித்து, பதிப்பகத்தின் வற்புறுத்தலில் 1982இல் அசிமோவ் மறுபடி தொடங்கி எழுதியவை தடிமனானவை, தன் ரோபோ கதைகளையெல்லாம் இதோடு முடிச்சுப் போடும் முயற்சியில் கதை எங்கெங்கோ போகும்.

கவனிக்க வேண்டிய பொறி ஒன்று: 1988இல் வந்த ப்ரெலூட் டு ஃபவுண்டேஷன், கதைக் காலப்படி முன்னால் வருவதால் அதை முதல் பாகம் என்று நினைத்து வாங்குகிறவர்கள் உண்டு. வேண்டாம். ஆப்பிள் டிவியின் தொடரைப் பார்த்திருந்தால் அதனால் நட்டமும் இல்லை லாபமும் இல்லை, பெயர்களைத் தவிர இரண்டுக்கும் ஒட்டுறவு கொஞ்சம்தான்.

## டியூன்: முதல் புத்தகம் மட்டும் போதும் என்றால் போதும்

இருபதுக்கும் மேற்பட்ட பதிப்பகங்கள் திருப்பி அனுப்பியபின், கார் ரிப்பேர் கையேடுகளுக்குப் பேர்போன சில்ட்டன் என்ற நிறுவனம் 1965இல் வெளியிட்ட ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் நாவல். அடுத்த வருடம், அறிவியல் புனைகதைக்கான பெரிய விருதான ஹியூகோவைப் பகிர்ந்துகொண்டது, நெபுலா விருது தொடங்கிய முதல் தடவையே அதையும் வாங்கியது.

நாற்பதாவது பக்கத்தில் ஏன் மூடுகிறார்கள் என்பது எனக்குப் புரிகிறது. ஃபிராங்க் ஹெர்பர்ட் எதையும் விளக்க மாட்டார். கதாநாயகன், பதினைந்து வயதுப் பையன் பால், ஒரு பெட்டிக்குள் கைவிட்டு வலியைத் தாங்கும் முதல் காட்சியிலேயே பெனே ஜெஸரிட், கோம் ஜப்பார், க்விஸாட்ஸ் ஹாடராக் என்று வரிசையாக வந்து விழும். பின்னால் சொல்லகராதியே கொடுத்திருக்கிறார் என்று பார்த்து, ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் புரட்டிக்கொண்டிருந்தால் கதை செத்துவிடும். என் யோசனை, முதல் நூறு பக்கத்துக்கு அந்த அகராதியைத் தொடவே தொடாதீர்கள். பாதி புரியாமல் போகட்டும். இரண்டாவது அத்தியாயத்திலேயே துரோகி யார் என்று ஹெர்பர்ட்டே போட்டு உடைத்துவிடுகிறார், அதாவது யார் என்ற மர்மம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை, தெரிந்தும் எப்படிச் சிக்குகிறார்கள் என்பதுதான் கதை. இது தெரிந்து படித்தால் முன்பகுதி வேறு மாதிரி இருக்கும்.

கதை நடக்கும் பாலைவனக் கிரகத்தில் தண்ணீர்தான் எல்லாம். விருந்துக்கு வரும் பெரிய மனிதர்கள் வாசலில் வைத்திருக்கும் பாத்திரத்தில் கை நனைத்து, வேண்டுமென்றே தண்ணீரைத் தரையில் சிந்தி, துண்டில் துடைத்து அதையும் அந்த ஈரத்திலேயே எறிந்துவிட்டு உள்ளே போக வேண்டும், அது அந்த ஊர் வழக்கம். விருந்து முடிந்ததும் அந்தத் துண்டுகளைப் பிழிந்து வரும் நீருக்காக வெளியே பிச்சைக்காரர்கள் காத்திருப்பார்கள். பாலின் அப்பா ட்யூக் லீட்டோ அந்த வழக்கத்தை அன்றைக்கே நிறுத்துகிறார், வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு குவளை தண்ணீர் கொடுக்கச் சொல்கிறார். குடத்தோடு தண்ணீர் லாரிக்குக் காத்து நின்றவர்களுக்கு இந்த இடத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. அதற்குப் பின்னால் வரும் விருந்துக் காட்சி, ஒவ்வொரு வாக்கியத்திலும் யாரோ ஒருவர் யாரையோ ஆழம் பார்க்கிற அந்தப் பேச்சு, புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்த அத்தியாயம். 2021 படத்தில் அது இல்லை. அதனால் படம் பார்த்துவிட்டோமே என்று புத்தகத்தை ஒதுக்க வேண்டாம். சொல்லப் போனால் இந்த ஐந்தில் திரை உண்மையிலேயே உதவி செய்வது டியூனுக்குத்தான், பெயர்களுக்கும் முகங்களுக்கும் முன்கூட்டியே பழகிவிடுகிறோம், 2021, 2024 இரண்டு படமும் சேர்ந்து முதல் நாவலைத்தான் சொல்கின்றன.

நிறுத்துமிடம்: முதல் நாவல் கதையாக முடிந்துவிடுகிறது. ஆனால் அங்கேயே நிறுத்தினால் ஒரு வீரன் பழிவாங்கி அரியணை ஏறிய கதை என்று தப்பாக நினைத்துக்கொள்ள வாய்ப்பிருக்கிறது. 1969இல் வந்த டியூன் மெசையா, அளவில் முதல் நாவலில் பாதிகூட இல்லை, பன்னிரண்டு வருடம் கழித்து அதே பால் தன் பெயரால் நடந்த புனிதப்போரில் செத்தவர்கள் 6,100 கோடி என்று கணக்குச் சொல்கிறான். தலைவனைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதே என்று ஹெர்பர்ட் சொல்ல வந்தது அங்கேதான் உறைக்கிறது. கட்-அவுட்டுக்குப் பாலாபிஷேகம் செய்கிற ஊர்க்காரர்களான நமக்கு அந்த இரண்டாம் புத்தகம் கொஞ்சம் அதிகமாகவே உறைக்கும். எனவே இரண்டோடு நிறுத்துங்கள். நான்காவதான காட் எம்பரர் ஆஃப் டியூன், மனிதனும் புழுவுமாகக் கலந்த ஒருவன் 3,500 வருடம் ஆண்டுகொண்டு தத்துவம் பேசும் நாவல். எனக்குப் பிடிக்கும், யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

மறைமுகச் செலவு: ஹெர்பர்ட் 1986இல் ஆறு நாவலோடு காலமானபின் அவர் மகன் பிரையனும் கெவின் ஆண்டர்சனும் எழுதிக் குவித்தவை கடை அலமாரியில் அசலோடு கலந்து கிடக்கும். அட்டையில் ஹெர்பர்ட் என்று இருந்தால் போதாது, ஃபிராங்க் என்று இருக்கிறதா பாருங்கள்.

## த்ரீ பாடி பிராப்ளம்: யோசனைக்காக உயிரை விடுபவர்களுக்கு

லியூ சிஷின் ஷான்ஷி மாகாணத்தில் ஒரு அனல்மின் நிலையத்தில் என்ஜினியராக இருந்துகொண்டே எழுதியவர். சீன இதழில் 2006இல் தொடராக வந்து 2008இல் புத்தகமானது. 2014இல் கென் லியூவின் ஆங்கில மொழிபெயர்ப்பு, அடுத்த வருடம் ஹியூகோ. மொழிபெயர்க்கப்பட்ட ஒரு நாவலுக்கு ஹியூகோ கிடைத்தது அதுதான் முதல் தடவை.

சூடு பிடிக்கிற வேகத்தில் இதற்கு ஈடில்லை. 1967, கலாசாரப் புரட்சி, சார்பியல் கோட்பாட்டைப் பாடமாக நடத்திய குற்றத்துக்காக ஓர் இயற்பியல் பேராசிரியரை மேடையில் ஏற்றிப் பள்ளி மாணவிகள் பெல்ட்டால் அடித்தே கொல்கிறார்கள், கூட்டத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும் அவருடைய மகள்தான் பின்னால் மனித குலத்தின் தலையெழுத்தை மாற்றப் போகிறவள். சீனப் புத்தகத்தில் இந்தப் பகுதி நடுவில் எங்கேயோ இருக்கும், ஆங்கிலத்தில் முன்னால் கொண்டுவந்திருக்கிறார்கள். நல்ல காரியம் செய்தார்கள்.

இந்த நாவலில் என்னால் மறக்க முடியாத இடம், கதையில் வரும் ஒரு கணினி விளையாட்டுக்குள் இருக்கும் மனிதக் கணினி. மூன்று சூரியன்களின் போக்கைக் கணக்கிட வேண்டும், மின்சாரம் கிடையாது. கணினித் துறையின் முன்னோடி ஃபான் நாய்மன் பாத்திரமாக வந்து மூன்று சிப்பாய்களை முக்கோணமாக நிறுத்துகிறார். இருவர் உள்ளீடு, அவர்கள் என்ன நிறக் கொடி தூக்குகிறார்கள் என்று பார்த்து மூன்றாமவன் தன் கொடியைத் தூக்க வேண்டும், அவ்வளவுதான் அவன் வேலை. இப்படியே சக்கரவர்த்தி சின் ஷி ஹுவாங்கின் மூன்று கோடி வீரர்களும் சமவெளியில் ஒரு மதர்போர்டாக நிற்கிறார்கள், தகவல் கொண்டுபோகக் குதிரைப்படை ஓடுகிறது. கணினி எப்படி வேலை செய்கிறது என்பதைப் பாடப்புத்தகத்தில் படித்துத் தூங்கிவிழுந்தவர்கள் இந்த அத்தியாயத்தைப் படித்தால் எழுந்து உட்காருவார்கள்.

மனிதர்கள்? மரப்பாச்சிகள். அந்தப் பேராசிரியரின் மகள் யே வென்ஜியையும், வாயில் சிகரெட்டோடு திரியும் போலீஸ்காரர் ஷி சியாங்கையும் தவிர யாரும் நெஞ்சில் ஒட்டமாட்டார்கள். இரண்டாம் புத்தகமான டார்க் ஃபாரஸ்ட்டில் அதன் நாயகன் லுவோ ஜி தன் கற்பனைக் காதலியோடு உலாவும் பக்கங்கள் என் பொறுமையைச் சோதித்தன, மூன்றாம் புத்தகத்தில் பெண்களை வைத்து எழுதியிருப்பதைப் பற்றிப் பலர் கோபப்பட்டிருக்கிறார்கள், அந்தக் கோபம் நியாயம்தான்.

நிறுத்துமிடத்தில்தான் இது அடிவாங்குகிறது. முதல் புத்தகம் முடியும்போது வேற்றுக்கிரக எதிரி கிளம்பிவிட்டான், வந்துசேர இன்னும் 400 வருடத்துக்கு மேல் ஆகும் என்ற நிலையில் விட்டுவிடும். கதையே இனிமேல்தான். இரண்டாம் புத்தகத்தின் கடைசி ஐம்பது பக்கம் வரைக்கும் போனால்தான் போட்ட முதல் திரும்பி வரும், அங்கே நிறுத்தலாம், சுத்தமான முடிவு. ஆகவே இதை ஒரு புத்தகமாக வாங்காதீர்கள், இரண்டு புத்தகம் என்று நினைத்து வாங்குங்கள். இரண்டாவதை மொழிபெயர்த்தவர் ஜோயல் மார்ட்டின்சன், நடை கொஞ்சம் மாறியிருப்பது தெரியும்.

திரை இதற்குப் பகை. நெட்ஃப்ளிக்ஸ் 2024 சீசன் மூன்று புத்தகங்களிலிருந்தும் எடுத்துக் கலந்திருக்கிறது, புதிர் அவிழும் சுகத்துக்காகவே படிக்க வேண்டிய நாவலில் புதிர் போய்விட்டால் மீதி இயற்பியல் வகுப்புதான். பார்த்துவிட்டீர்கள் என்றால் முதல் தொடராக வேறு எதையாவது எடுங்கள்.

## எர்த்சீ: மெலிந்தது, தனியாக நிற்கும்

என் ஓட்டு எதற்கு என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். உர்சுலா லெ குவினின் எ விசர்ட் ஆஃப் எர்த்சீ, 1968, சுமார் 200 பக்கம், ஒரு வார இறுதிக்குச் சரியாக இருக்கும். ஆடு மேய்க்கும் சிறுவன் கெட் மந்திரம் கற்கப் பள்ளிக்குப் போகிறான், கர்வத்தில் ஒரு நிழலை உலகத்துக்குள் விட்டுவிடுகிறான், அது அவனைத் துரத்துகிறது. ஹாரி பாட்டருக்கு முப்பது வருடம் முந்தைய மந்திரப் பள்ளி என்று சொல்லி விற்கிறார்கள், அந்த எதிர்பார்ப்போடு போனால் ஏமாற்றம்தான். பள்ளி கொஞ்ச நேரம்தான் வருகிறது, மீதியெல்லாம் கடல், தீவு, படகு, தனிமை.

கெட்டின் முதல் குரு ஓஜியன். பூகம்பத்தையே அடக்கியவர் என்று பெயர் பெற்றவர். இருவரும் மலைவழி நடந்துபோகும்போது மழை பிடித்துக்கொள்கிறது. மற்ற சூனியக்காரர்கள் என்றால் மந்திரத்தால் மேகத்தை அப்பால் தள்ளிவிடுவார்கள். ஓஜியன் மழையை அதன்போக்கில் விட்டுவிட்டு, அடர்ந்த மரமாகப் பார்த்து அடியில் படுத்துக்கொள்கிறார். நனைந்த புதருக்குள் குந்தியிருக்கும் பையனுக்கு எரிச்சல், சக்தி இருந்தும் பயன்படுத்தாத இந்த ஞானம் எதற்கு என்று. மொத்தத் தொடரும் அந்தப் பையனின் எரிச்சலுக்கான பதில்தான், ஆறு புத்தகம் நீளத்துக்கு.

இன்னொன்று, கெட் செம்பழுப்பு நிறம், அவன் நண்பன் வெட்ச் கறுப்பு, இந்தத் தீவுக்கூட்டத்தில் வெள்ளைத் தோல்காரர்கள் கிழக்கிலிருந்து கொள்ளையடிக்க வருபவர்கள். 1968இல் இதைச் சத்தமில்லாமல் செய்திருக்கிறார், வாசகன் பாதிப் புத்தகம் போன பிறகுதான் கவனிப்பான். 2004இல் தொலைக்காட்சிக்கு எடுத்தவர்கள் கெட்டை வெள்ளையனாக்கிவிட, லெ குவின் வெளிப்படையாகவே கண்டித்து எழுதினார்.

குறைகள்: உரையாடல் குறைவு, யாரோ பழங்கதை சொல்கிற தூரத்திலிருந்து எழுதியிருப்பார், அதனால் முதல் முப்பது பக்கம் ஆள் ஒட்டாமல் இருக்கலாம். ஆங்கிலம் சொல்லளவில் எளிது, ஆனால் வேகமாகப் படித்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி தோன்றும், இதை மெட்ரோ ரயிலில் நின்றுகொண்டு படிக்க முடியாது. பெண்களின் மந்திரம் மட்டம் என்கிற பழமொழிகளும் முதல் புத்தகத்தில் உண்டு. அதை உணர்ந்து லெ குவினே 1990இல் டெஹானு எழுதினார், நடுவயது விதவை ஒருத்தியின் கண்வழியே அதே உலகம். அதற்குள் போக அவசரப்பட வேண்டாம், வயது கொஞ்சம் ஏறியபிறகு படித்தால் வேறு மாதிரி இறங்கும்.

நிறுத்துமிடம்: முதல் புத்தகத்தின் கடைசிப் பக்கம். கதை முழுசாக முடிந்துவிடுகிறது, ஒரு நூல்கூடத் தொங்கவில்லை. இரண்டாவது, டூம்ஸ் ஆஃப் அடுவான், அதுவும் அப்படியே தனியாக நிற்கும். கெட் அதில் பாதிப் புத்தகம் போனபிறகுதான் வருகிறான்.

## லார்ட் ஆஃப் த ரிங்ஸ்: நிறுத்துமிடமே இல்லாதது

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம், இது மூன்று நாவல் இல்லை, ஒரே நாவல். போருக்குப் பிந்தைய காகித விலைக்குப் பயந்து 1954, 55இல் மூன்றாகப் பிரித்து வெளியிட்டார்கள். அதே 1954இல்தான் கல்கியில் பொன்னியின் செல்வன் முடிந்தது என்பது எனக்கு எப்போதும் ஒரு சின்ன வியப்பு. ஆயிரம் பக்கத்துக்கு மேல், நடுவில் எங்கே இறங்கினாலும் நட்டாற்றில்தான் நிற்பீர்கள்.

ஆனால் முடித்தவர்களுக்கு இது கொடுப்பதை மற்ற நான்கும் கொடுப்பதில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். முதல் உலகப் போரில், 1916இல் சோம் போர்முனையில் இருந்தவர் டோல்கீன். கதாநாயகன் ஃப்ரோடோ ஜெயித்து ஊர் திரும்பியபின்னும் காயம் ஆறாமல், ஊரில் பொருந்தாமல் போவதை அந்த அனுபவம் இல்லாத ஒருவர் எழுதியிருக்க முடியுமா என்று தோன்றும். பீட்டர் ஜாக்சன் படத்தில் ஊர் அப்படியே பச்சைப்பசேல் என்று காத்திருக்கும். புத்தகத்தில் திரும்பி வந்தால் ஊரும் பறிபோயிருக்கிறது, மரங்கள் வெட்டப்பட்டிருக்கின்றன, அதை மீட்கும் அத்தியாயம் படத்தில் கிடையாது.

சூடு பிடிக்க நேரமாகும். ஹாபிட்களின் வரலாறு, புகையிலை என்று போகும் முன்னுரையைத் தாராளமாகத் தாண்டுங்கள். ஃப்ரோடோவை வளர்த்த பில்போவின் பிறந்தநாள் விருந்துக்கும் ஃப்ரோடோ கிளம்புவதற்கும் நடுவில் 17 வருடம். பாட்டுகளைத் தாண்டினால் தப்பில்லை. டாம் பாம்படில் அத்தியாயங்களில் கதை நகரவில்லையே என்று தோன்றினால் உங்கள் மேல் தப்பில்லை. எல்ராண்டின் ஆலோசனைக் கூட்டம் நீளமானது, ஆனால் அதைத் தாண்டக் கூடாது, அங்கேதான் எல்லா இழையும் ஒன்று சேர்கிறது. ஆங்கிலம் இந்த ஐந்தில் கடினம், இங்கிலாந்து நிலப்பரப்பின் மேடு, பள்ளம், சதுப்பு, புதர் ஒவ்வொன்றுக்கும் தனிச் சொல் வைத்து எழுதுவார், நாம் அதில் பாதியைக் கண்ணால் பார்த்ததே இல்லை.

பரீட்சார்த்தமாக 1937இல் குழந்தைகளுக்கு எழுதிய ஹாபிட்டைப் படித்துப் பாருங்கள். அது பிடித்தால் இது பிடிக்கும் என்று உத்தரவாதம் இல்லை, ஆனால் அதுவே பிடிக்கவில்லை என்றால் ஆயிரம் பக்கத்துக்குக் காசு போட வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| தொடர் | சூடு பிடிக்க | நல்ல நிறுத்துமிடம் | ஆங்கிலம் | மறைமுகச் செலவு |
|---|---|---|---|---|
| ஃபவுண்டேஷன் | சீக்கிரமே | மியூல் கதை, அல்லது மூன்றாம் புத்தகம் | மிக எளிது | பிந்தைய பாகங்கள், தப்பான வாசிப்பு வரிசை |
| டியூன் | 100 பக்கம் | இரண்டாம் புத்தகம் | நடுத்தரம், சொற்கள் புதிது | அகராதி, மகன் எழுதியவை |
| த்ரீ பாடி | முதல் பக்கமே | இரண்டாம் புத்தகம் | எளிது, இயற்பியல் கனம் | ஒன்றோடு விட முடியாது, நெட்ஃப்ளிக்ஸ் |
| எர்த்சீ | 30 பக்கம் | முதல் புத்தகமே | எளிது, மெதுவாகப் படிக்கணும் | பொறுமை |
| டோல்கீன் | ஊரை விட்டுக் கிளம்பும் வரை | இல்லை | கடினம் | மாதக்கணக்கில் நேரம் |

## அப்போ யாருக்கு எது

ஆங்கில நாவல் வாசிப்பே புதிது என்றால் ஃபவுண்டேஷன், யோசிக்கவே வேண்டாம். சுஜாதாவின் அறிவியல் கதைகளில் கதாநாயகியைவிட ஜீனோவின் வாதங்களை ரசித்தவர் என்றாலும் அதுவேதான், கொஞ்சம் தைரியம் இருந்தால் த்ரீ பாடி. என்ஜினியரிங் படிக்கும் பையனுக்கோ பெண்ணுக்கோ பரிசாகக் கொடுக்க வேண்டும், நெட்ஃப்ளிக்ஸில் பார்க்கவில்லை என்று தெரியும் என்றால் த்ரீ பாடிக்கு மிஞ்சியது இல்லை.

அரசியல், சதி, அரண்மனை, அதற்குள் மதம் என்று பொன்னியின் செல்வனில் நந்தினி வரும் இடங்களைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களுக்கு டியூன். இரண்டு படமும் பார்த்துவிட்டுப் போங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

நீண்ட விடுமுறையோ, ஓய்வு பெற்ற புதிதோ, தினமும் ராத்திரி இருபது பக்கம் என்ற ஒழுங்கோ இருக்கிறவர்கள் டோல்கீனுக்குப் போகலாம். இல்லாதவர்கள் தள்ளிப்போடுங்கள், அது எங்கேயும் ஓடிவிடாது. மீதி எல்லாருக்கும், முக்கியமாக எது பிடிக்கும் என்று தமக்கே தெரியாதவர்களுக்கு, எர்த்சீ. பிடிக்காமல் போனாலும் போவது 200 பக்கம்தான்.

"கேம் ஆஃப் த்ரோன்ஸ் புத்தகங்களை ஏன் சொல்லவில்லை?" 1996இல் தொடங்கி ஐந்தாம் பாகம் 2011இல் வந்தது, ஆறாவதற்கு உலகமே காத்துக் கிடக்கிறது. முதல் மூன்று பாகம் பிரமாதம், ஆனால் நிறுத்துமிடம் ஆசிரியருக்கே கிடைக்காத தொடரை முதல் தொடராக எடுக்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வீல் ஆஃப் டைம் 14 பாகம், ராபர்ட் ஜோர்டன் 2007இல் காலமாகி பிராண்டன் சாண்டர்சன் 2013இல் முடித்து வைத்தது, நடுப் பாகங்களில் கதை நகர்வதே இல்லை. டெர்ரி பிராட்செட்டின் டிஸ்க்வேர்ல்டு 41 நாவல், எதை எடுத்தாலும் தனியாகப் படிக்கலாம் என்பதால் நிறுத்துமிடம் பிரச்சினையே இல்லாதது, ஆனால் அதன் நகைச்சுவைக்கு ஃபேண்டஸி கொஞ்சம் படித்திருக்க வேண்டும், அதனால் அதை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் மார்ட் என்ற நாவல் நல்ல தொடக்கம்.

வாங்கும்போது ஒரு விஷயம். டோல்கீனை ஒரே தொகுதியாக வாங்கினால் படுத்துக்கொண்டு படிக்க முடியாது, மூன்றாகவே வாங்குங்கள். ஆனால் முதல் பாகத்தை மட்டும் வாங்கிப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள், அது பாதி வழியில் விட்டுவிடும். எர்த்சீக்கு 2018இல் சார்ல்ஸ் வெஸ் ஓவியங்களோடு எல்லாம் சேர்ந்த கனமான தொகுப்பு ஒன்று வந்திருக்கிறது, பார்க்க அழகாகத்தான் இருக்கும், கை நீளும். முதலில் மெலிந்த தனிப் புத்தகத்தை எடுங்கள், அதுவும் இரண்டாவதும் பிடித்த பிறகு அந்தத் தொகுப்புக்குப் போகலாம்.